இடுப்பு நோகாமல் ஓட்ட ஒரு நல்ல இருக்கை

காலை ஆறு மணிக்கு மருதனார்மடம் சந்தியில் நின்று பார்த்தால் எமது பெண்களின் இன்றைய வாழ்க்கையை ஒரே பார்வையில் கண்டுவிடலாம். கால் வைக்கும் தட்டில் மரக்கறி மூடையை நிறுத்திக்கொண்டு சந்தைக்கு வருபவர் ஒருவர். பிள்ளையை முன்னால் ஏற்றிப் பாடசாலையில் இறக்கிவிட்டு வேலைக்குப் பறப்பவர் இன்னொருவர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காங்கேசன்துறை வீதியில் செல்லும் ஆசிரியை, பதிவேடுகளைப் பையில் வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் செல்லும் கள உத்தியோகத்தர் என்று எல்லோருமே இரண்டு சில்லில்தான் ஓடுகிறார்கள்.

இவர்களிற் பலருக்குப் பொதுவான ஒரு துன்பம் உண்டு. அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. மாலையில் வீடு திரும்பியதும் குந்தியிருக்க முடியாது. இடுப்பு கடுக்கும், தொடை விறைக்கும், முள்ளந்தண்டின் அடியில் ஒரு நோ நின்றுகொண்டே இருக்கும். குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது இது பற்றிக் கேட்டால், "வயசு போகுது தானே", "செல்லடிக்குள்ள ஓடின உடம்பு, நோகாமல் இருக்குமா" என்ற பதில்களே வருகின்றன. வயதும் போரும் எமது உடலில் விட்டுச் சென்றவை உண்மைதான். ஆனால் ஒரு பகுதி நோவுக்குக் காரணம் நாம் தினமும் ஏறியிருக்கும் அந்த ஒன்றரை முழ இருக்கையே. தலைவிதியை மாற்ற முடியாது என்பார்கள். இருக்கையை மாற்றலாம்.

சைக்கிள் காலமும் ஸ்கூட்டி காலமும்

1990இல் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட பின் யாழ்ப்பாணத்தின் போக்குவரத்து பெரும்பாலும் சைக்கிளிலேயே தங்கியிருந்தது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். புகையும் உதறலும் தாங்க முடியாதவை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது சைக்கிள் கரியரில் சாக்கை மடித்துக் கட்டி அதன்மேல் வயோதிபரை இருத்தித் தள்ளிச் சென்றதை எங்களில் மறந்தவர் யார்? இருக்கை என்பது உடம்பு தாங்கும் அளவுக்கு இருக்கவேண்டும் என்பதை அன்றே அறிந்திருந்தோம். எதைக் கண்டாலும் மடித்து வைத்துச் சமாளித்தோம்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின் வீதிகள் திறந்தபோது குத்தகைக் கொடுப்பனவில் ஸ்கூட்டர்கள் வீடு வீடாக வந்தன. ஆண் துணையை இழந்த குடும்பங்களில் பெண்ணே ஓட்டுநரானாள். 2010இல் அரசாங்கத் தரப்பிலிருந்து சொல்லப்பட்ட கணக்கின்படி வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்களின் தொகை ஏறத்தாழ 89,000 ஆகும். இந்தப் பெண்களிற் பலருக்கு ஸ்கூட்டர் ஆடம்பரப் பொருள் அல்ல. அது உலை கொதிக்க வைக்கும் ஒரு தொழிற் கருவி. வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட பின், இன்னும் வீடு கட்ட வழியில்லாமல் வாடகை வீட்டிலிருந்தபடி தினமும் சொந்தத் தோட்டத்துக்குச் சென்று வரும் குடும்பங்களுக்கும் அது அப்படியே.

இன்னொரு விடயத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2020 மார்ச்சில் நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்திலேயே அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய ஸ்கூட்டர்களையே திருத்தித் திருத்தி ஓடினோம். எஞ்சினுக்கு ஒயில் மாற்றினோம், ரயர் மாற்றினோம். இருக்கையை மட்டும் எவரும் கவனிக்கவில்லை. பத்து வருடம் வெயிலும் மழையும் பட்ட ஸ்பொஞ்ச் செத்துப்போயிருக்கும் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

ஏன் நோகிறது?

நாம் இருக்கும்போது உடலின் பாரத்தைத் தாங்குவன பிட்டத்தின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள். இவற்றை இருப்பெலும்பு என்று சொல்லலாம். கதிரையில் இருந்துகொண்டு கைகளை அடியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் கைக்குத் தட்டுப்படும். நல்ல இருக்கை இந்த இரண்டையும் தாங்கி, பாரத்தைச் சுற்றியுள்ள தசைக்கும் தொடைக்கும் பரப்பிவிடும். கெட்ட இருக்கையில் முழுப் பாரமும் இரண்டு சிறு புள்ளிகளில் இறங்கும். அந்த இடத்தில் இரத்தவோட்டம் குறையும். முதலில் எரிவு, பிறகு விறைப்பு, அதன்பின் நோ என்று வரிசையாக வரும்.

பொதுவாகப் பெண்களின் இடுப்பெலும்பு ஆண்களுடையதைவிட அகலமானது. ஆகவே இரண்டு இருப்பெலும்புகளுக்கும் இடையிலான தூரமும் சற்றுக் கூட. ஆண் ஒருவரின் உடலை மனதில் வைத்து ஒடுக்கமாகச் செய்யப்பட்ட இருக்கையில் பெண் இருந்தால் எலும்பு முனைகள் இருக்கையின் சரிந்த ஓரத்தில் விழும். பாரம் நடுவிலுள்ள மென்மையான பகுதிக்குப் போகும். அந்த இடத்து நோவைத்தான் நாம் வாய் திறந்து சொல்ல மாட்டோம்.

இரண்டாவது காரணம் அதிர்வு. நேரே மேலும் கீழுமாக வரும் குலுக்கலில், செக்கனுக்கு நான்கு முதல் எட்டுத் தடவை அடிக்கும் குலுக்கலுக்கே இருந்த நிலையிலுள்ள மனித உடல் அதிகம் ஈடுகொடுத்து ஆடுகிறது. பள்ளம் திட்டியான ஒழுங்கையில் ஓடும்போது முதுகு படும் பாடு இதுவே. இது கற்பனை நோ அல்ல. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் தொழிலாளரின் உடலில் படும் அதிர்வுக்கு ஓர் எல்லையைச் சட்டமாகவே வகுத்தது. எட்டு மணிநேர வேலைநாளுக்கு 0.5 என்ற அளவைத் தாண்டினால் தொழில் கொடுப்பவர் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும், 1.15 என்ற அளவைத் தாண்டவே கூடாது. அங்கே உழவு இயந்திரம் ஓட்டுபவரின் முதுகுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே நாள் முழுதும் கிராமங்களுக்கு ஓடித் திரியும் எமது கள உத்தியோகத்தரின் முதுகுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

மெத்தென்று இருந்தால் நல்லதா?

கடையில் கையால் அமத்திப் பார்த்து, "மெத்தென்று இருக்கு" என்று வாங்குவதே பலரின் வழக்கம். இங்கேதான் ஏமாந்து போகிறோம். மிக மென்மையான ஸ்பொஞ்ச் முதல் ஐந்து நிமிடம் சொகமாக இருக்கும். அரை மணித்தியாலத்தில் எலும்பு முனை ஸ்பொஞ்சை அமத்திக்கொண்டு கீழேயுள்ள பிளாஸ்ரிக் தட்டில் போய் முட்டும். அதன் பின் நாம் இருப்பது ஸ்பொஞ்சில் அல்ல, தட்டில்.

நீண்ட தூரத்துக்குத் தேவையானது கீழே உறுதியும் மேலே மென்மையும். வீட்டில் பழைய காலத்துப் படுக்கையை நினைத்துப் பாருங்கள். தும்பு மெத்தை சற்று இறுக்கமாக இருந்தாலும் விடியும்போது முதுகு நோகாது; பஞ்சணையில் புதைந்து படுத்தால் நோகும். இருக்கைக்கும் இதே விதிதான்.

உங்கள் ஸ்கூட்டரின் ஸ்பொஞ்ச் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, வழமையாக இருக்கும் இடத்தில் முட்டியை வைத்துப் பலமாக அமத்துங்கள். அடித் தட்டு கைக்குத் தட்டுப்பட்டாலோ, கையை எடுத்த பின்னும் குழி எழும்பாமல் நின்றாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. மழைக்கு மறுநாள் இருந்து பார்க்கும்போது உடை நனைந்தால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். தையல் துளைகள் வழியாகத்தான் அது இறங்குகிறது.

காட்போட் மட்டையில் ஒரு சோதனை

இனிச் சொல்லப்போவது சைக்கிள் இருக்கை செய்பவர்கள் உலகெங்கும் கையாளும் எளிய முறை. செலவு எதுவுமில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகவே செய்யலாம்.

கடையில் பொருள் வரும் பெட்டியின் நெளிவு மட்டையில் ஓரடிச் சதுரத் துண்டொன்றை வெட்டிக்கொள்ளுங்கள். சமமான கடினமான இடத்தில், வாசற்படியிலோ மரக் கதிரையிலோ அதை வைத்து மெல்லிய உடையுடன் இருங்கள். சற்று முன்னால் சாய்ந்து, குதிக்கால்களை நிலத்திலிருந்து சிறிது உயர்த்தி இரண்டு நிமிடம் இருங்கள். எழும்பிப் பார்த்தால் மட்டையில் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். இரண்டின் நடுப்புள்ளிகளையும் பேனையால் குறித்து இடைத்தூரத்தை அளவுங்கள். பெரும்பாலும் 10 முதல் 15 சென்ரிமீற்றருக்குள் வரும்.

அடுத்ததாக ஸ்கூட்டரை நடு ஸ்ரான்டில் நிறுத்தி வழமைபோல ஏறியிருந்து, நீங்கள் இருக்கும் இடத்தின் முன் எல்லையையும் பின் எல்லையையும் வெண்கட்டியால் கோடிடுங்கள். இறங்கி, அந்த இடத்தில் மட்டையை வைத்துப் பாருங்கள். இரண்டு புள்ளிகளும் இருக்கையின் சமமான பகுதியில் விழுந்து, அவற்றுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலமாவது மிஞ்சவேண்டும். புள்ளிகள் சரிவில் விழுந்தால் இருக்கை உங்களுக்கு ஒடுக்கம்.

இந்த மட்டைத் துண்டின் பெறுமதி அளவோடு முடிவதில்லை. எமது ஊர்களில் குஷன் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எங்கே நோகிறது என்று அவர்களுக்கு முன்னால் நின்று விளக்க எமது பெண்களுக்குக் கூச்சம். விளக்காமல் விட்டால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி செய்து தருவார்கள். மட்டையைக் கொடுத்து, "இந்த ரெண்டு புள்ளிக்கும் கீழ உறுதியாய் வேணும் அண்ணை, நடுவில கொஞ்சம் பள்ளம் விடுங்கோ" என்று சொன்னால் போதும். உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவேண்டியதில்லை. மட்டை பேசும்.

கடையில் சொல்லிச் செய்விக்க வேண்டியவை

முழு ஸ்கூட்டரையும் கடையில் விட்டு ஒரு நாள் உழைப்பை இழக்க வேண்டாம். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இருக்கை முன்பக்கப் பிணைச்சலில் இரண்டு நட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றினால் இருக்கை தனியாக வந்துவிடும். கூலியை முன்கூட்டியே இரண்டு இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்வருவனவற்றை எழுதிக் கொண்டு செல்வது நல்லது.

முதலாவது, கம்பனி ஸ்பொஞ்ச் நல்ல நிலையில் இருந்தால் அதை எறிய விடாதீர்கள். அச்சில் வார்த்த அந்த ஸ்பொஞ்ச், கடையில் தாளாக வெட்டி விற்கும் மெத்தை ஸ்பொஞ்சைவிட உழைக்கும். தேய்ந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, துண்டு ஸ்பொஞ்சுகளை அமுக்கி ஒட்டிய இறுக்கமான வகையை அங்கே இறக்கச் சொல்லுங்கள். அதன்மேல் அரை அங்குலம் மென்மையான ஸ்பொஞ்ச் போதும்.

இரண்டாவது, ஸ்பொஞ்சின் தரத்தைத் தடிப்பில் பார்க்கக்கூடாது, அடர்த்தியில் பார்க்கவேண்டும். ஒரு கன மீற்றர் ஸ்பொஞ்ச் எத்தனை கிலோ என்பதே அடர்த்தி. மலிவான மெத்தை ஸ்பொஞ்ச் கையில் எடுத்தால் பஞ்சுபோல இருக்கும். ஒரே அளவுத் துண்டுகள் இரண்டைக் கையில் வைத்துப் பார்த்துப் பாரமானதைத் தெரிவு செய்யுங்கள்.

மூன்றாவது, இருக்கை முன்னுக்குச் சரிந்திருக்கக் கூடாது. சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் நாம் முன்னே வழுக்குவோம். வழுக்காமலிருக்கத் தொடையும் கையும் இறுகும். மாலையில் தோள் நோகிறது என்பவர்களிற் சிலருக்குக் காரணம் இதுதான். இருக்கும் இடம் சமமாக, பின்னால் சிறிய எழுச்சியுடன் இருப்பது நல்லது.

நான்காவது, உயரம். பொதுவாக ஸ்கூட்டர் இருக்கை நிலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி. உயரம் குறைந்த பெண்ணுக்கு அரை அங்குலம் கூடினாலும் கால் நிலத்தில் ஊன்றாது. சந்தியில் நிறுத்தும்போது விழுந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே ஸ்பொஞ்ச் கூட்டினால் முன்பகுதியின் இரு பக்க ஓரங்களையும் சீவி ஒடுக்கச் சொல்லுங்கள். பின்னால் அகலமும் முன்னால் ஒடுக்கமும் இருந்தால் இருப்பதற்கும் நன்று, கால் ஊன்றுவதற்கும் நன்று.

ஐந்தாவது, தையல். இருப்பெலும்பு படும் இடத்தில் தையல் வரக்கூடாது. ஸ்பொஞ்சுக்கும் ரெக்சினுக்கும் இடையில் ஒரு பொலித்தீன் தாள் விரிக்கச் சொல்லுங்கள். மாரி காலத்துக்கு அது பெரிய உதவி. கறுப்பு ரெக்சின் எமது வெயிலில் கொதிக்கும். சாம்பல் போன்ற வெளிறிய நிறம் சற்றுக் குறைவாகச் சுடும். மேலே காற்றுப் புகும் வலைக் கவர் ஒன்றைப் போட்டால் வியர்வை தங்காது.

அவசரத்துக்குத் துவாய், சாக்கு, தலையணை என்று எதையாவது மடித்து வைத்து ஓடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தடுக்குப் போட்டிருந்த பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. ஆனால் ஓடும் வாகனத்தில் கட்டாமல் வைத்த எதுவும் திருப்பத்தில் வழுக்கும். வைப்பதானால் நாடா தைத்து இருக்கையின் அடியில் இறுகக் கட்டுங்கள். காற்றடைத்த மெத்தை பாவிப்பவர்கள் அதில் முழுக் காற்று அடிக்கக் கூடாது. உடம்பு இருக்கையிலிருந்து சற்று மிதக்கும் அளவுக்கே காற்று வேண்டும். கூடினால் பந்தின்மேல் இருப்பது போல ஆடும்.

இதற்கென்று கடன் எடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். நுண்கடனில் சிக்கிய பெண்களின் கதை எமக்குப் புதிதல்ல. முதலில் காசு செலவில்லாத வேலைகளைச் செய்து பாருங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

ரயருக்கு அளவுக்கு மேல் காற்று அடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். குறைந்தால் வண்டி இழுக்கும், ரயரும் கெடும். வாகனத்தின் கைந்நூலில் குறித்த அளவை, ஓடிச் சூடாகும் முன் பார்த்து அடியுங்கள். பின் சொக் பலவற்றில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கப் படிகள் உண்டு. மூடை ஏற்றுவதற்காக இறுக்கி வைத்துவிட்டுத் தனியாக ஓடினால் குலுக்கும். எண்ணெய் கசியும் சொக்கில் எவ்வளவு நல்ல இருக்கை போட்டாலும் பயன் இல்லை.

கால் தட்டில் மூடை வைப்பவர்கள் இரண்டு கால்களையும் வெளியே விரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அப்போது பாரம் முழுவதும் இருக்கைக்கே போகிறது. பாதங்கள் தட்டில் சமமாக ஊன்றியிருந்தால் ஒரு பகுதிப் பாரத்தைக் கால் தாங்கும். பள்ளம் வரும்போது காலை ஊன்றி உடம்பை ஓர் அங்குலம் உயர்த்தினால் அடி முள்ளந்தண்டுக்குப் போகாது. பின்னால் ஒரு பக்கமாக இருந்து செல்பவரின் முதுகு முழு வழியும் முறுகியபடியே இருக்கும். தூரம் போகும்போது இரு பக்கமும் கால் போட்டு இருப்பதே உடம்புக்கு நல்லது. எவர் என்ன சொல்வார் என்று யோசிக்கும் காலம் போய்விட்டது. சேலை, துப்பட்டா என்பவற்றைச் சில்லுக்கு எட்டாதபடி செருகிக்கொள்வது எப்போதும் அவசியம்.

ஏ9இல் போகும்போது

மருதனார்மடத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஸ்கூட்டரிலேயே சென்று வரும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு வழிக்கே அறுபது கிலோமீற்றருக்கு மேல். ஒரே மூச்சில் ஓடுவதில் பெருமை எதுவுமில்லை. நல்ல இருக்கையும் கூட இடைவேளைக்கு ஈடாகாது. முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் அமுங்கிய இடத்துக்கு இரத்தம் திரும்பும். சாவகச்சேரி, கொடிகாமம், பளை, பரந்தன் ஆகிய இடங்களில் நிற்கலாம். சோளகம் வீசும் மாதங்களில் ஆனையிறவு வெளியில் காற்று பக்கவாட்டில் தள்ளும். உடம்பு தானாக இறுகும். அந்த வெளிக்கு முன்னால் ஒருமுறை இறங்கி ஆறிவிட்டுப் போவது நல்லது.

வழியில் மலசலகூடம் இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் புறப்படும் பழக்கம் எம்மிடம் உண்டு. சிறுநீரை அடக்கிக்கொண்டு குலுங்கி ஓடுவது சிறுநீர்க் குழாய்த் தொற்றுக்கு வழி. வைத்தியசாலை, பிரதேச செயலகம், எரிபொருள் நிலையம் போன்ற இடங்களில் எங்கே துப்புரவான வசதி உண்டு என்பதை ஒருவருக்கொருவர் சொல்லி வையுங்கள். தண்ணீர்ப் போத்தல் பையில் இருக்கட்டும். மாதவிலக்கு நாட்களில் பருத்தி உள்ளுடையும் இடைவேளையும் இன்னும் அவசியம். கர்ப்பிணிகள் தூர ஓட்டம் பற்றி மருத்துவமாதுவிடம் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

காயப்பட்ட உடல்களுக்கு

இடுப்பிலோ முதுகிலோ செல் துண்டு தங்கியிருப்பவர்களுக்கு இருக்கை மாற்றுவது மட்டும் மருந்தாகாது. நோ இடம் மாறினாலோ கூடினாலோ வைத்தியரிடம் காட்டவேண்டும். முள்ளந்தண்டு காயத்தால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அமுக்கப் புண் வந்தாலும் நோ தெரியாது. அவர்கள் ஓடி வந்ததும் கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்ப்பது நல்லது. சிவப்பு மாறாமல் நின்றால் அன்று மீண்டும் இருக்கையில் ஏறக்கூடாது.

செயற்கைக் கால் பூட்டியவர்களுக்கு இன்னொரு சிக்கல். தொடையில் பூட்டும் கிண்ணத்தின் மேல் விளிம்பு இருக்கையின் ஓரத்தோடு உரசித் தோல் கிழியும். அந்தப் பக்க ஓரத்தை மட்டும் சற்றுச் சீவி உருட்டி விட்டால் இது குறையும். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேதியும் சேர்ந்து செய்த கால் எமது ஊருக்கும் வந்து பலரை நடக்க வைத்தது. குந்தியிருந்து, வெறுங்காலில் வயலில் இறங்கும் மக்களுக்கு ஏற்றபடி அதை அமைத்ததே அதன் சிறப்பு. உடலுக்கு ஏற்றபடி பொருளை மாற்றவேண்டும் என்ற அந்த எண்ணமே இருக்கைக்கும் வேண்டும்.

எல்லோரும் நினைவில் வைக்கவேண்டிய எச்சரிக்கை ஒன்று: இருக்கும் இடம் முழுவதும் மரத்துப்போதல், இரண்டு காலும் சோர்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது போக முடியாதிருத்தல் என்பன வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பெண்ணும் தூர வழியும்

பெண்ணுக்குத் தூர ஓட்டம் ஏன் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. 1916இல் அமெரிக்காவில் அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் இருவர் மோட்டார் சைக்கிளில் நாட்டைக் குறுக்கறுத்து ஓடினார்கள். வழியில் ஆண்களின் உடை அணிந்ததற்காகப் பிடித்து வைக்கப்பட்டார்கள். 1934இல் தெரேசா வாலக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்ற இரு பெண்கள் லண்டனிலிருந்து புறப்பட்டு, சகாரா பாலைவனத்தைக் கடந்து, 1935இல் தென்னாபிரிக்காவின் கேப்ரவுணை அடைந்தார்கள். 1958இல் ஜப்பானில் ஹொண்டா நிறுவனம், காலைத் தூக்கிப் போடாமல் நடுவால் ஏறும் சூப்பர் கப் மோட்டார் சைக்கிளை வெளியிட்டபோது பாவாடை, சேலை அணிபவர்களுக்கும் அதில் ஏறுவது எளிதாயிற்று. 2017 அளவில் அந்த வகையில் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. எமது ஒழுங்கைகளில் இன்றும் சத்தம் போட்டு ஓடும் பழைய ஹொண்டா சீ 90 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பெண்ணின் உடலைக் கருத்தில் எடுத்துச் செய்தால் வண்டி எல்லோருக்கும் உதவும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எமது கைக்கும் ஒரு தொழில்

தையல் இயந்திரம் இல்லாத வீடு எமது பகுதியில் குறைவு. தையற் பயிற்சிகள் எத்தனையோ நடந்தன. எல்லோரும் சட்டையும் பாடசாலைச் சீருடையும் தைத்தால் யார் வாங்குவது? இருக்கைக் கவர் தைப்பது அதே கையால் செய்யக்கூடிய வேலை. மெல்லிய ரெக்சினை வீட்டு இயந்திரத்திலேயே தைக்கலாம். ஊசி 16ஆம் அல்லது 18ஆம் இலக்கமாக இருக்கவேண்டும். தையல் நீளமாக இருக்கவேண்டும். நெருக்கித் தைத்தால் தபால் முத்திரை கிழிவது போல அந்தக் கோட்டிலேயே கிழியும். பருத்தி நூல் மழையில் உக்கிவிடும், நைலோன் நூலே உதவும். பழைய கவரைத் தையல் பிரித்து, துண்டு துண்டாகக் கடதாசியில் வைத்து வரைந்துகொண்டால் அந்த வகை ஸ்கூட்டருக்கு அச்சு கிடைத்துவிடும். ஒரே வகை ஸ்கூட்டர்கள் எமது வீதிகளில் நிறைய ஓடுவதால் ஓர் அச்சைப் பல தடவை பயன்படுத்தலாம்.

பெண்ணுக்குப் பெண் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் இடம் ஒன்று இருந்தால் மட்டைத் துண்டும் தேவையில்லை. "அக்கா, இதில நோகுது" என்று நேராகவே சொல்லலாம். மாதர் சங்கங்கள் இதுபற்றி யோசிக்க வேண்டும். பெண்களைக் களத்துக்கு அனுப்பும் நிறுவனங்களும் பெற்றோலுக்குக் காசு கொடுப்பது போல இருக்கைக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். அதைக் கேட்பது எமது உரிமை.

கூட்டங்களிலே வாழ்வாதாரம் என்ற சொல்லை நாம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டோம். கோழி தந்தார்கள், ஆடு தந்தார்கள், இயந்திரம் தந்தார்கள். அவற்றையெல்லாம் கொண்டு நடத்துவது ஒரு பெண்ணின் உடம்பு. அது படுத்துவிட்டால் வாழ்வாதாரமும் படுத்துவிடும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மட்டைத் துண்டை எடுத்து அளவெடுங்கள். ரயர் காற்றைப் பாருங்கள். முட்டியால் இருக்கையை அமத்திப் பாருங்கள். அடித் தட்டு கைக்குத் தட்டுப்பட்டால், அடுத்த மாதச் செலவுக் கணக்கில் பிள்ளையின் கொப்பிக்கும் வீட்டு அரிசிக்கும் கீழே, உங்கள் இருக்கைக்கும் ஒரு வரி எழுதுங்கள்.